லாபம் வந்துச்சு சரி, காரணம் தெரியுமா?

சார்,
எனக்கு 23 வயசு, மெக்கானிக்கல் படிச்சேன். காலேஜ்ல ராத்திரி ரூம்மேட்டோட அரட்டை அடிச்சிட்டு இருக்கப்ப அவன் சொல்லித்தான் ஷேர் பக்கம் வந்தேன். மூணு வருஷமா போர்ட்ஃபோலியோ (என் கையில இருக்கிற ஷேர் மொத்தமும்) பச்சைதான், அதாவது லாபம்தான். வேலையை விட்டுட்டு ஃபைனான்ஸுக்கே வந்துடலாம், நாளைக்கு மத்தவங்க பணத்தையும் மேனேஜ் பண்ணலாம்னு பாக்குறேன். வீட்ல சூதாட்டம்னு திட்டுறாங்க. இன்னொண்ணு, இப்பல்லாம் எதைப் பார்த்தாலும் இதுல என்ன ரிட்டர்ன்னுதான் தோணுது, ஃப்ரெண்ட்ஸோட சும்மா உக்காந்தாகூட டைம் வேஸ்ட்டுன்னு இருக்கு. இது சரியா?
(பேர் போட வேணாம் சார்)

தம்பி,

நீங்க வாங்குன ஷேர் பேரெல்லாம் வரிசையா எழுதியிருந்தீங்க (அதை எடுத்துட்டேன்), எது எத்தனை சதவீதம் ஏறுச்சுன்னும் இருந்துச்சு, ஆனா ஏன் வாங்குனீங்கன்னு ஒரு வரி கூட இல்ல. அந்த ஒரு வரி எழுத முடியலைன்னா வீட்ல சொல்றது தப்பில்ல.

மூணு வருஷம் பச்சைன்னா நல்லதுதான், ஆனா ஏறுற மார்க்கெட்ல எல்லாருக்குமே பச்சைதான். 1998ல நாஸ்டாக்ல (டெக் கம்பெனிங்க நிறைய இருக்கிற அமெரிக்க ஷேர் மார்க்கெட்) நுழைஞ்ச பசங்களுக்கும் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. 2000 மார்ச்ல உச்சிக்குப் போன அந்த மார்க்கெட்டோட இண்டெக்ஸ் 2002 அக்டோபருக்குள்ள முக்கால் பங்குக்கு மேல கரைஞ்சுது, அந்த பழைய உச்சியைத் திரும்பத் தாண்ட 2015 ஆச்சு. 50% இறங்குனா பழைய இடத்துக்கு வர 100% ஏறணும்ங்கற கணக்கு எனக்கும் உங்க வயசுல தெரியும், தெரிஞ்சேதான் ஒரு ஷேர் டபுள் ஆச்சுன்னு கைமாத்து வாங்கி மேல மேல போட்டு, அது பாதிக்குக் கீழ போனப்ப ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துட்டுப் படுத்துக் கிடந்தேன்.

மத்தவங்க பணம்னு சொன்னீங்கல்ல, அங்கதான் எனக்கு பயம். அமெரிக்காவோட பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1942ல 11 வயசுல முதல் ஷேர் வாங்குன கதை கேட்டிருப்பீங்க. சிட்டீஸ் சர்வீஸ் கம்பெனியோடது, சுமார் 38 டாலர், தனக்கு மூணு, அக்காவுக்கு மூணு. 27க்கு இறங்குச்சு, திரும்ப 40 தொட்டதும் வித்துட்டார், அப்புறம் அது 200ஐத் தாண்டிப் போச்சு. எல்லாரும் இதைப் பொறுமைக்குக் கதையா சொல்வாங்க, எனக்கு அதுல அந்த அக்காதான் தெரியுறா. இறங்குனப்ப தினமும் தம்பிகிட்ட கேட்டிருக்கா. அடுத்தவங்க காசு கையில இருந்தா 40லயே விக்கத் தோணும், பஃபெட்டா இருந்தாலும். நீங்க போகப் பாக்குற வேலையில அந்த அக்கா நூறு பேரு இருப்பாங்க.

அதுக்காக வராதீங்கன்னு சொல்லல. வேலையை மட்டும் இப்ப விடாதீங்க. ஃபைனான்ஸ்னா ஷேர் பொறுக்குறது மட்டும் இல்ல, கடன் கேக்குற கம்பெனி திருப்பிக் கட்டுமான்னு பாக்குற வேலை இருக்கு, ஆடிட் இருக்கு, ரிஸ்க் இருக்கு. சிஎஃப்ஏ (முதலீட்டு வேலைக்கான பரீட்சை) எழுதணும்னா மூணு லெவலையும் வேலை பாத்துக்கிட்டே எழுதுறவங்கதான் ஜாஸ்தி. உங்ககிட்ட வேற ஒரு சரக்கும் இருக்கு, அதை நீங்களே கவனிக்கல. ஒரு மிஷின் எத்தனை வருஷம் ஓடும்னு உங்களுக்குத் தெரியும். ஏதாவது ஃபேக்டரி கம்பெனியோட ஆண்டறிக்கையை எடுத்து, தேய்மானத்துக்கு, அதாவது மிஷின் விலையை வருஷா வருஷம் செலவா பிரிச்சு எழுதுறதுக்கு, எத்தனை வருஷம்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க. பத்து வருஷத்துல படுத்துடற மிஷினுக்கு இருபதுன்னு போட்டிருந்தா வருஷா வருஷம் செலவு கம்மியா தெரியும், லாபம் உப்பித் தெரியும். அப்புறம் அதே அறிக்கையில கேஷ் ஃப்ளோ (காசு வந்தது, போனது) பக்கத்துக்குப் போங்க, கடனுக்கு வித்த சரக்கும் லாபத்துல ஏறிடும், காசு வந்திருக்கான்னு அங்கதான் தெரியும். காமர்ஸ் படிச்ச பையனுக்கு அந்த மிஷின் விஷயம் லேசுல பிடிபடாது.

ரிட்டர்ன் கேள்விக்கு வரேன். ஹாஸ்டல் ரூம்ல அன்னைக்கு அரட்டை அடிச்சீங்களே, அதுக்கு கணக்கு நோட்டுல எந்தக் கட்டத்துல எவ்வளவு ரிட்டர்ன்னு எழுதுவீங்க? அந்த ரூம்மேட் இப்ப எங்க இருக்கார், என்ன பண்றார்னு லெட்டர்ல ஒரு வார்த்தை இல்லையே தம்பி. இன்னைக்கு ஒரு போன் போடுங்க, ஷேர் பேச்சை எடுக்காம.