உறவுப் பயிரும் நெருக்க விதைப்பும்

கேள்வி: செடிகள் தம் உறவை அடையாளம் கண்டு, உறவுச் செடியின் பக்கத்தில் வேரை அடக்கி வளர்க்கும் என்று படித்தேன். அப்படியானால் ஒரே இன விதைநெல்லை நெருக்கமாக எறிந்தாலும் பயிருக்குள் போட்டி இராதுதானே?
– வாசகர் ஒருவர், வெல்லாவெளி

பதில்: நீங்கள் படித்தது சரி, அதை வைத்து விதை எறிய நினைப்பதுதான் பிழை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் டட்லியும் அமண்டா ஃபைலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கடற்கரை மணலில் வளரும் கடுகுக் குடும்பச் செடியொன்றை, ஒரு தாயின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சாடியிலும் பல தாய்களின் பிள்ளைகளைக் கலந்து இன்னொன்றிலும் வளர்த்தார்கள். அந்நியரோடு சாடியைப் பங்கிட்ட செடிகளே நுண்வேர்களை அதிகமாக விட்டிருந்தன. வேர் கசியவிடும் பொருள்களே அடையாளம் காட்டுகின்றன என்பதற்கு, ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2010இல் சான்று கிடைத்தது: அந்தக் கசிவைத் தடுத்ததும் உறவுக்கும் அந்நியத்துக்கும் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இருந்தாலும் எல்லாச் செடிகளும் இப்படி நடப்பதில்லை. பரிசோதனைகள் சிலவற்றில் வேறுபாடே தென்படவில்லை.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் பயிர் என்பதால், ஓர் இனத்தின் விதைநெல் மூட்டையில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே நெருங்கிய உறவுகள்தான். உறவு போட்டியை ஒழிக்குமென்றால், வீச்சு விதைப்பில் கை தவறிக் கூடுதலாக விழுந்த இடமே வட்டையில் சிறந்த விளைச்சலைத் தந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் மட்டம் வெடிப்பது (பக்கத் தூர் விடுவது) குறைகிறது, தண்டு மெலிந்து சாய்கிறது, அடிப்பகுதி ஈரமாகக் கிடப்பதால் அறக்கொட்டிப் பூச்சியும் பெருகுகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் சண்டை பிடிக்காவிட்டாலும் பானைச் சோறு கூடிவிடாது. வேரை அடக்கிக்கொண்டாலும் வெயிலும் தழைச்சத்தும் அந்தப் பாத்தியில் இருந்த அளவுதான் இருக்கும். எனவே ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் என்ற விவசாயத் திணைக்களத்தின் அளவை இந்தச் செய்தியை நம்பிக் கூட்ட வேண்டாம். அதைத் தாண்டி எறியும் பழக்கம் நம்மவர்களிடம் முன்பே இருக்கிறது.

உறவின் பெருமையைப் பேசும்போது பன்றிநெல் என்ற களையையும் மறந்துவிடக் கூடாது. அதுவும் நெல்லின் இனமேதான், நம் பயிருக்கு அதைவிட நெருங்கிய களை வேறில்லை. ஆனாலும் வயலில் விளைச்சலைப் பெரிதாக அடித்துப் போவதில் அது முன்னணியில் நிற்கிறது. மாரிப்போகத்துக்கு விதைநெல் எடுக்கும்போது உறவைத் தேடுவதைவிட, மூட்டைக்குள் பன்றிநெல் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள்.