மேப்பிள் சிரப் காய்ச்சுவதற்கு முன் மரத்து நீரைக் கோப்பி ஃபில்டரில் வடிக்க வேண்டுமா?

வடிக்க வேண்டும். ஆனால் கோப்பி ஃபில்டர் வேண்டாம். அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோப்பி ஃபில்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழைய கோபம் இருக்கிறது.

கேட்டவர் ஒன்ராறியோவில் புதிதாக வீடு வாங்கியவர் என்று நினைக்கிறேன். பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கும், மரத்து நீர் சேர்க்க வாளி கட்டுகிற வீடியோ ஏதாவது பார்த்திருப்பீர்கள். நல்லது. மரம் வீட்டுக்கு முன்னால், நடைபாதையோரம் நின்றால் மட்டும் கை வைக்க முதல் விசாரியுங்கள், அது நகரசபையின் மரமாக இருக்கலாம்.

இனி வடிப்பு. இரவில் உறைந்து பகலில் உருகுகிற மார்ச் நாட்களில் சொட்டுகிற நீர் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். சீனி நூற்றுக்கு 2 பங்கு அளவில் இருக்கும். வாளிக்குள் மரத்தூள், பட்டைத் துணுக்கு, ஒன்றிரண்டு அந்துப்பூச்சி கிடக்கும். பனி இளகுகிற நாட்களில் மிளகுத்தூள் தூவினது போலச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மேலே மிதக்கும், தொட்டால் துள்ளும். பயப்பட ஒன்றுமில்லை. இவற்றை எடுக்கத்தான் முதல் வடிப்பு. அதற்கு மெல்லிய பருத்தித் துணி இரண்டு மடிப்புப் போதும். பெயின்ட் வடிக்கிற நைலோன் பை (புதியது!) இன்னும் வசதி. மேலே ஐஸ் கட்டியிருந்தால் தூக்கி எறியுங்கள். சீனி பெரும்பாலும் அடியில் உறையாத நீரிலேயே நிற்கும், காய்ச்சுகிற நேரமும் மிச்சம்.

இதற்கு மேல் பச்சை நீரை, அதாவது காய்ச்சாத மரத்து நீரை, வடித்துப் பிரயோசனம் இல்லை. இதைத்தான் என் மனைவியின் தம்பிக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் தண்ணீர் சுத்திகரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர். மொன்றியலில் இருந்து வந்தவர் கராஜுக்குள் என் துணியைக் கண்டதும் சிரித்தார். "அத்தான், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தால்தானே பாணியும் கண்ணாடி மாதிரி வரும்?" என்று கேட்டுவிட்டு, குசினியில் இருந்த கோப்பி ஃபில்டர் பெட்டியை எடுத்து வந்தார். ஒரு புனலில் தாளை வைத்து ஊற்ற ஊற்ற அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. தாளை மாற்றினார், மறுபடி மாற்றினார். என் மனைவி இரண்டு முறை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், இரண்டும் ஆறிப்போயின. நான் ஒன்றும் பேசவில்லை. தம்பி விருந்தாளி, அதோடு எனக்கு முடிவு தெரியும்.

காய்ச்சினோம். வெளியில், காஸ் அடுப்பில். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், ஏறக்குறைய 40 லீற்றர் நீர் 1 லீற்றர் பாணியாகும், மிச்சமெல்லாம் ஆவியாகி உங்கள் சுவரில்தான் படியும். தண்ணீர் கொதிக்கிற சூட்டை விட 4 பாகை மேலே, அதாவது 104 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்கினோம். தம்பி ஒரு வெள்ளைப் பீரிசில் ஊற்றிப் பார்த்தார். கலங்கல். ஆறியதும் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. "மரத்துக்கு ஏதோ வருத்தம்" என்றார்.

மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் படிவுக்குச் சீனி மணல் என்று பெயர், பெரும்பகுதி கால்சியம் மாலேட். பச்சை நீரில் அது கரைந்தே இருக்கிறது. கரைந்ததை எந்தத் தாளும் துணியும் பிடிக்காது. நீர் வற்றி இறுகும்போதுதான் அது பிரிந்து மணலாகிறது. ஆகவே உண்மையான வடிப்பு காய்ச்சின பிறகுதான், அதுவும் சுடச்சுட. கூம்பு வடிவில் தடித்த ஃபெல்ட் துணி விற்கிறார்கள், உள்ளே போட மெல்லிய உறையும் தனியாகக் கிடைக்கும். இரண்டையும் சுடுதண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, அடுப்பால் இறக்கின கையோடு ஊற்ற வேண்டும். ஆறினால் இறுகி நின்றுவிடும். அன்று ஊற்றிய பிறகு உள்ளுறையைப் பிரித்துத் தம்பியிடம் நீட்டினேன். பழுப்புச் சேறு, விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று. கீழே பாத்திரத்தில் பொன்னிறப் பாணி, அடியில் இருந்த கீறல் வரை தெரிந்தது. தம்பி "ம்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

வடித்த பாணியை மறுபடி கொதிக்க விடாதீர்கள். போத்தலில் அடைக்க 85 பாகை போதும், அதற்கு மேலே போனால் புது மணல் விழும்.

கொமென்ட்டில் சண்டைக்கு வருபவர்களுக்கு: ஆம், சீனி மணல் உடம்புக்குக் கெடுதி இல்லை. ஆம், குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைத்தால் தானாக அடியில் படியும், மேலே தெளிந்ததை ஊற்றி எடுக்கலாம். ஆம், பெரிய தோட்டக்காரர்கள் டயட்டமைட் என்கிற நுண்ணிய மண்பொடி சேர்த்து அழுத்தி வடிக்கிறார்கள். நான் பேசுவது நான்கு வாளி கட்டுகிற ஆளுக்கு.

என் மாமியார் வேறு ஒன்று கேட்டார், சுண்ணாம்பு போடுவதில்லையா என்று. ஊரில் கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், புளித்துக் கள்ளாகாமல் இருக்க. நியாயமான கேள்வி. இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. ஆனால் குளிரை நம்பி ஒரு கிழமை வைக்காதீர்கள். 4 பாகைக்குக் கீழே, பனிக்குள் புதைத்தாவது வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சிவிடுங்கள். மரத்து நீர் பால் மாதிரிக் கலங்கினால் அது கெடத் தொடங்கிவிட்டது, வடித்துத் திருத்த முடியாது. மரம் மொட்டு வெடிக்கத் தொடங்கினால் வாளியைக் கழற்றுங்கள், அந்த நீரில் காய்ச்சுகிற பாணி வாயில் வைக்க முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் குளிரில் நின்று காய்ச்சி ஒரு போத்தல் கொடுத்தால், "இது கடையில் நாலு டொலருக்குக் கிடைக்குதே" என்கிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய. நாலு டொலருக்குக் கிடைப்பது சோளச் சிரப்பும் வாசனையும் நிறமும். லேபிளைத் திருப்பி வாசியுங்கள், அசலில் மேப்பிள் தவிர வேறு எதுவும் எழுதியிருக்காது. அந்தச் சோளத் தண்ணியைச் சூட்கேசில் கட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், கனடாவின் மரத்தில் வடிந்தது என்று கொடுக்கிறார்கள். ஊரில் பனங்கட்டி காய்ச்சத் தெரிந்த ஆட்களுக்கு அதைக் கொடுக்க வெட்கமாக இல்லையா?

சரி, ஃபெல்ட் துணி பற்றிக் கடைசியாக. சோப்பு, பவுடர் எதுவும் போடாதீர்கள், நார் அதை உறிஞ்சி அடுத்த பாணிக்குக் கொடுத்துவிடும். முறுக்கிப் பிழியவும் வேண்டாம். சுடுதண்ணீரில் மட்டும் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மார்ச்சில் பூஞ்சணம் பிடித்திருக்கும். கிடைத்ததையெல்லாம் வாஷிங் மெஷினில் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒளித்து வைப்பது இன்னும் நல்லது.