விலை உயர்ந்த விமானப் பயிற்சி அகாடமி தேவைதானா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான் சேர விரும்பும் அகாடமியின் கட்டணம் சாதாரணப் பறப்புப் பள்ளியின் கட்டணத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே படித்தவர்களுக்குத்தான் விமான நிறுவனங்கள் வேலை தருகின்றன என்று சொல்கிறார்கள். உண்மையா?

பொதுவாகச் சொன்னால் உண்மையில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு உரிமம் வழங்குவது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையமே தவிர அகாடமி அல்ல. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் முதலில் பார்ப்பவை வணிக விமானி உரிமம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி), மல்டி எஞ்சின் தகுதி (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட விமானத்தை ஓட்டும் தகுதி), முதல் வகுப்பு மருத்துவச் சான்று, சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவை. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, நேர்காணல், சிமுலேட்டர் (பறப்பதைப் போலவே உணரவைக்கும் தரைப் பயிற்சிக் கருவி) சோதனை என்று வரிசையாக வருபவற்றில் அகாடமியின் பெயர் உங்களுக்குப் பதிலாக விடை எழுதாது. பயிற்சிக் காலப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. அவை தேடுவது, தேர்வுகளில் முதல் முயற்சியிலேயே தேறினீர்களா, பறப்புச் சோதனைகளில் தோல்வி உண்டா என்பதைத்தான்.

அந்த விதிவிலக்கு, விமான நிறுவனத்துடன் அகாடமிக்கு இருக்கும் தொடர்பைப் பற்றியது. பயிற்சி தொடங்கும் முன்பே விமான நிறுவனம் தானே தேர்வு நடத்தி, குறிப்பிட்ட மதிப்பெண்ணுடன் முடித்தால் வேலை தருவோம் என்று நிபந்தனையுடன் எழுதிக் கொடுப்பது ஒரு வகை. படிப்பு முடிந்த பின் நல்ல மாணவர்களை அகாடமி பரிந்துரை செய்வது இன்னொரு வகை. விளம்பரக் கையேட்டில் சில விமான நிறுவனங்களின் சின்னங்களை அச்சிட்டிருப்பது மூன்றாவது வகை. முதல் வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. இரண்டாவது, சந்தை நன்றாக இருக்கும் காலத்தில் கொஞ்சம் உதவும். மூன்றாவதற்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்தில் தந்த உறுதி எதையும் நீங்கள் குறிப்பிடாததால், உங்களுக்குக் காட்டப்பட்டது மூன்றாவது வகைதான் என்று தோன்றுகிறது. அகாடமியைக் கேட்காமல், சம்பந்தப்பட்ட விமான நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கே எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முழுநேர ஒருங்கிணைந்த படிப்பில் சேர்வதா, பகுதி பகுதியாகப் படித்துச் செலவைக் குறைப்பதா?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம் போதும். அமெரிக்காவில் இதே வேறுபாடு 250 மணிக்கும் 190 மணிக்கும் இடையே அமைந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற அகாடமிகள் இந்தக் குறைப்பைத்தான் பெரிய லாபமாக எடுத்துக் காட்டுகின்றன. அது லாபம்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் வாங்கும் கட்டணம் அந்த லாபத்தை எளிதில் விழுங்கிவிடும் என்பதால், மணிக்கணக்கைப் பார்க்காமல் மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டும்.

பகுதி பகுதியாகப் படிப்பவர்களில் பலர் அடைய வேண்டிய இடத்தை அடைகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே கட்டணம் கட்டுவதால் கடன் சுமையும் குறைகிறது. அவர்களுக்கு உண்மையான எதிரி இடைவெளி. சில வாரங்கள் பறக்காமல் இருந்தால், அடுத்த பாடத்தின் முதல் பகுதி முழுவதும் மறந்ததை மீட்பதிலேயே கரைந்துவிடும். அந்த மணி நேரங்களுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். எழுத்துத் தேர்வுகளுக்கும் காலக்கெடு உண்டு. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய விதிகளின்படி, வணிக உரிமத்துக்கு மேற்பட்ட நிலையான போக்குவரத்து விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் தேறிய பின், 36 மாதங்களுக்குள் வணிக உரிமத்தையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் பெற்றுவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான பணத்தை முன்கூட்டியே சேர்த்துவைத்து, அந்தக் கட்டத்தைத் தொடங்கினால் நிறுத்தாமல் முடிக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்குமானால், பகுதி முறையே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. அந்த ஒழுங்கை யாராவது வெளியிலிருந்து கட்டாயப்படுத்த வேண்டும் என்றால், முழுநேரப் படிப்பின் கூடுதல் விலையில் ஒரு பங்கு அதற்கான கூலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் உள்ள பெரிய அகாடமியில் படித்தால் உடனே விமான நிறுவனத்தில் சேர முடியுமா?

அங்குள்ள விமான நிறுவனத்தில் உடனே சேர முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றம் 2010இல் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 2013 முதல் துணை விமானிக்கும் போக்குவரத்து விமானி உரிமம் கட்டாயமானது. அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் இளநிலைப் பட்டத்துடன் வருபவர்களுக்கு 1,000 மணி, இராணுவ விமானிகளுக்கு 750 மணி என்று சலுகைகள் உண்டு. விபத்தில் சிக்கிய விமானத்தின் இரு விமானிகளுக்கும் 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதால், இந்த விதி சரியான மருந்துதானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அது எப்படியானாலும், எவ்வளவு விலை கொடுத்துப் படித்தாலும் மீதமுள்ள மணி நேரங்களைப் பயிற்றுநராகவோ வேறு சிறு விமானப் பணியிலோதான் சேர்க்க வேண்டியிருக்கும். எனவே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தன்னிடம் படித்து முடித்தவர்களை அகாடமி பயிற்றுநர்களாக அமர்த்துகிறதா, அப்படிப் பணிபுரிய வெளிநாட்டு மாணவருக்கு விசா அனுமதி இருக்கிறதா என்பதே. வேறு பல நாடுகளில் வணிக உரிமத்துடன், 200 மணி நேர அளவிலான அனுபவத்திலேயே துணை விமானியாகச் சேர முடியும். ஆனால் ஒரு நாட்டில் பெற்ற உரிமத்தை இன்னொரு நாட்டில் மாற்றிக்கொள்ளத் தனித் தேர்வுகளும் செலவும் இருக்கும்.

பல்குழு விமானி உரிமம் என்ற எம்பிஎல் படிப்பு நல்லதா?

2006இல் சர்வதேச விதிகளில் சேர்க்கப்பட்ட இந்த உரிமத்துக்கு மொத்தம் 240 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கலாம். இரு விமானிகள் சேர்ந்து பணியாற்றும் முறையை ஆரம்பத்திலிருந்தே கற்பிப்பதால் பயிற்சியாக இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இது ஒரு குறிப்பிட்ட விமான நிறுவனத்தை ஒட்டியே அமைக்கப்படுகிறது. 2020இல் பெருந்தொற்றால் ஆள்சேர்ப்பு நின்றபோது, இத்தகைய படிப்பின் பாதியில் இருந்தவர்கள் வேறு நிறுவனத்துக்கும் போக முடியாமல், தனியாகச் சிறு விமானம் ஓட்டிச் சம்பாதிக்கவும் வழியில்லாமல் தவித்தார்கள். நிறுவனம் விலகினால் வழக்கமான வணிக உரிமத்துக்கு மாற்றித் தர அகாடமி எழுத்தில் சம்மதிக்கிறதா என்று பாருங்கள்.

புதிய விமானங்கள், கண்ணாடித் திரைக் காக்பிட் (முள் கருவிகளுக்குப் பதில் மின்னணுத் திரைகள் கொண்ட விமானி அறை), விமானம் போலவே அசையும் முழு அசைவு சிமுலேட்டர் எல்லாம் இருக்கின்றன என்கிறார்கள். இவற்றுக்காகக் கூடுதல் கட்டணம் தரலாமா?

நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானமே போதும். விமானத்தின் வயதைவிட, காலையில் எத்தனை விமானங்கள் பறக்கத் தயாராக நிற்கின்றன, ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களே உங்கள் படிப்பு எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கும். திரைக் காக்பிட் பழக்கம் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியின்போது பயன்படும்; முதல் நாளிலிருந்தே அது வேண்டியதில்லை.

மகனுக்காக வீட்டை அடமானம் வைக்க எண்ணியிருக்கிறோம். பணம் கட்டுமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன், மகனுக்கு முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை செய்து சான்றைக் கையில் வாங்குங்கள். நிறப்பார்வைக் குறைபாடு போன்றவை சேர்க்கைக்குப் பிறகு தெரியவந்தால், கட்டிய பணம் திரும்புவது அரிது. அடுத்ததாக, கையேட்டில் உள்ள தொகை சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மணி நேரத்துக்கானது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். கூடுதல் பறப்பு நேரம், எரிபொருள் விலை உயர்வு, மறுதேர்வுக் கட்டணம், தங்கும் செலவு, மோசமான வானிலையால் நீளும் மாதங்கள், படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை தகுதிகளைப் புதுப்பித்து வைக்கும் செலவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகும் கைக்கு அடங்கினால்தான் மேலே பேச வேண்டும்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். திடீரென மூடப்பட்ட பயிற்சி நிறுவனங்களில் மாணவர்கள் கட்டிய பணம் சிக்கிக்கொண்டது பல நாடுகளில் நடந்த கதை. ஒவ்வொரு கட்டம் முடிந்த பின் அடுத்ததற்குக் கட்டும் ஏற்பாடும், விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற தெளிவான வாசகமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்களில் சிலரோடு, அகாடமி ஆட்கள் அருகில் இல்லாதபோது பேசுங்கள்.

வீட்டை அடமானம் வைப்பது குறித்து என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நிபந்தனையுடன் கூடிய வேலைக் கடிதம் இல்லாமல், விலை உயர்ந்த அகாடமிக்காக அதைச் செய்யாதீர்கள்.

டைப் ரேட்டிங்கையும் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) சேர்த்துக் கட்டினால் அகாடமி தள்ளுபடி தருகிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

வேலை உறுதியாகும்வரை வேண்டாம். ஏர்பஸ் ஏ320க்குத் தகுதி பெற்று வைத்திருப்பவரைப் போயிங் 737 ஓட்டும் நிறுவனம் அதற்காக முன்னுரிமை கொடுத்து அழைக்காது. வேலை கிடைப்பது தாமதமானால், ஐரோப்பிய விதிகளில் ஓராண்டில் காலாவதியாகும் அந்தத் தகுதியைப் புதுப்பிக்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் சேர்ந்த பிறகு தாங்களே இந்தப் பயிற்சியை அளித்து, சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. அகாடமியின் தள்ளுபடியைவிட அது பெரும்பாலும் மலிவானது.