அறிவியல் கேள்வி–பதில்: சந்திரா தொலைநோக்கியும் அதை இயக்குபவர்களும்

கேள்வி: நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கான நிதியைக் குறைக்க அமெரிக்க அரசு முனைந்ததாகப் படித்தேன். ஏவி முடித்த ஒரு கருவிக்கு ஆண்டுதோறும் என்ன செலவு இருக்க முடியும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தச் செலவில் பெரும்பகுதி மனிதர்களுக்கான ஊதியம். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏவப்பட்ட சந்திரா, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. பூமியை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 64 மணி நேரம் ஆகிறது. அந்த நீள்வட்டப் பாதை நிலவு வரையிலான தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அப்பால் சென்று, திரும்பும்போது பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்களுக்குள் புகுந்து வெளிவருகிறது. ஏவப்பட்ட சில வாரங்களிலேயே இந்த வளையங்களின் புரோட்டான்கள் தொலைநோக்கியின் ஆடிகளில் பட்டுத் தெறித்து, முதன்மைப் படக்கருவியின் உணரிகளுக்குச் சேதம் விளைவித்தன. அதன் பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் வளையங்களை நெருங்கும் முன்னரே அக்கருவியைக் குவியப் புள்ளியிலிருந்து விலக்கி வைக்கும்படி கட்டளைகளைத் திட்டமிட்டு அனுப்பிவருகிறார்கள். கலத்தின் வெப்பக் காப்பு உறை நாளடைவில் தேய்ந்துவிட்டதால், சூரியனை நோக்கி எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் திரும்பியிருக்கலாம் என்பதையும் கணித்தே ஒவ்வொரு வாரத்தின் ஆய்வுகளையும் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் கீழ் இயங்கும் சந்திரா மையத்தினர் இந்தப் பணிகளைச் செய்துவருகிறார்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு முன்வைத்த நிதிநிலைக் கோரிக்கை, 2023-இல் 6.83 கோடி டாலராக இருந்த சந்திராவின் ஒதுக்கீட்டை 2025-இல் 4.11 கோடியாகவும், அடுத்த ஆண்டில் 2.66 கோடியாகவும், 2029-இல் 52 லட்சமாகவும் குறைக்க முன்மொழிந்தது. கலம் முதுமையடைந்து இயக்கச் செலவு கூடிவருகிறது என்பது நாசா சொன்ன காரணம். வெப்பச் சிக்கல் உண்மையானதே என்றாலும் பல ஆண்டுகளாக அதைச் சமாளித்தே ஆய்வுகள் நடந்துவருகின்றன என்று மையத்தினர் மறுத்தனர். நாசாவே நியமித்த மறுஆய்வுக் குழுவும், அந்தத் தொகைக்குள் சந்திராவைப் பயனுள்ள ஆய்வுக்கருவியாக நடத்த வழியில்லை என்ற முடிவுக்கு 2024-இன் நடுவில் வந்தது. ஆகவே, குறைப்பு என்ற பெயரில் முன்வைக்கப்பட்டது உண்மையில் மூடலே என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நிதி பிறகு மீண்டும் கிடைத்தால் பணியைத் தொடரலாம் அல்லவா? இதற்கு மாற்றாக வேறு தொலைநோக்கிகளும் உள்ளனவே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: விலகிச் சென்ற பொறியாளர்களை மீண்டும் அழைத்துவருவது எளிதன்று. 25 ஆண்டுகளாக ஒரே கலத்தின் இயல்புகளை அறிந்தவர்களின் அனுபவத்தைக் கையேட்டில் முழுவதுமாக எழுதி வைத்துவிட முடியாது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் அனுப்புவது கோரிக்கை மட்டுமே. பணத்தை ஒதுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் கழிகின்றன. நாசாவின் அறிவியல் பிரிவு நிதியை ஏறத்தாழப் பாதியாக வெட்டும் கோரிக்கை 2025-இல் மறுபடியும் வந்தது. இறுதியில் வெட்டு நடக்காமலே போனாலும், ஒப்பந்தக் காலம் முடியப்போகும் இளம் ஆய்வாளர் அதுவரை காத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. என்னை மிகவும் வருத்துவது இந்த இழப்புதான், ஏனெனில் எந்த நிதிக் கணக்கிலும் அது ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

மாற்றைப் பொறுத்தவரை, ஜப்பான் 2023-இல் ஏவிய க்ரிஸ்ம் என்னும் தொலைநோக்கி, எக்ஸ் கதிர்களின் ஆற்றலை மிக நுட்பமாக அளக்கிறது. ஆனால் படத்தின் கூர்மையில் அது சந்திராவுக்கு அருகில்கூட வராது. அரை வில்விநாடி (வில்விநாடி என்பது ஒரு பாகைக் கோணத்தின் 3,600 பங்குகளில் ஒன்று) அளவுக்குக் கூர்மையான எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் தொலைநோக்கி இன்று சந்திரா ஒன்றே. நாசா 2024 அக்டோபரில் பரிசீலனைக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் ஆக்ஸிஸ் என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் ஒன்று. அதுவே இறுதியில் தேர்வானாலும், விண்ணில் ஏவ வகுக்கப்பட்டுள்ள ஆண்டு 2032.

கேள்வி: என் மகள் முதுகலை இயற்பியல் படிக்கிறாள். சந்திராவின் தரவுகளை இந்திய மாணவர்கள் பயன்படுத்த முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: முடியும். எந்த நாட்டு ஆய்வாளரும் சந்திராவின் ஆய்வு நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அலசும் மென்பொருளையும், கருவியின் அளவுகளைச் சரிபார்க்கும் திருத்தக் கோப்புகளையும் அதே மையத்தினர்தான் பராமரிக்கிறார்கள் என்பதால், அங்கு நிகழும் ஆட்குறைப்பு கோவையில் படிக்கும் மாணவியையும் பாதிக்கும். உங்கள் மகள் 2015-இல் ஏவப்பட்ட நம் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகளையும் சேர்த்துப் பழகட்டும். அவை பெங்களூரு அருகிலுள்ள இஸ்ரோவின் தரவு மையத்தில் கிடைக்கின்றன.