மார்ஷல் டக்கர் பேண்ட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு ஏன் சரிந்தது?

டிஸ்கோ என்ற நடன இசை வந்து அமுக்கிவிட்டது என்பார்கள். அது பாதிதான்.

தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்க் பையன்கள் இவர்கள். மார்ஷல் டக்கர் என்பவர் குழுவிலேயே கிடையாது. ஒத்திகை பார்த்த இடத்தின் சாவியில் அந்தப் பெயர் இருந்ததாம்! 1973இல் கேப்ரிகார்ன் இசைத்தட்டு நிறுவனத்தில் முதல் ஆல்பம். டாய் கால்டுவெல், பிக் எனும் தந்தி மீட்டும் சில்லு இல்லாமல் கட்டைவிரலாலேயே கிட்டாரை மீட்டுவார். கூடவே ஜெர்ரி யூபேங்க்ஸின் புல்லாங்குழல். சதர்ன் ராக் எனும் அமெரிக்கத் தென்மாநில ராக் இசையில் புல்லாங்குழலா என்று கேட்காதீர்கள், அதுதான் அவர்களின் அடையாளமே. 1977இல் ஒரு பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் 14ஆம் இடம் வரை போனது.

பிறகு அடிமேல் அடி. 1979இல் கேப்ரிகார்ன் திவால். 1980இல் டாயின் தம்பி, பேஸ் கிட்டார் வாசித்த டாமி, கார் விபத்தில் பலி. என் கணிப்பில் குழு உடைந்தது அங்கேதான். பெரும்பாலான பாடல்களை எழுதிய டாயும் சில ஆண்டுகளில் விலகினார். பாடகர் டக் கிரே அதே பெயரில் தொடர்ந்து மேடையேறிக்கொண்டிருந்தார்.