திருகோணமலையில் இருந்துகொண்டு பழைய பியர் விளம்பரப் பொருட்களைச் சேகரிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் எல்லோரும் முதலில் ஆசைப்படுகிற அந்த எனாமல் விளம்பரப் பலகையில் மட்டும் தொடங்காதீர்கள். காசும் அதற்குத்தான் அதிகம், போலியும் அதில்தான் அதிகம். லேபிள், மூடி, கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டை, போத்தல் திறப்பான் மாதிரிச் சின்னச் சாமான்களில் கை பழகட்டும்.

1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்ததால் சீமைச் சாமான் ஏதாவது வெளியே வர வாய்ப்பு உண்டு. பழைய வீடு இடிக்கிற இடம், பழைய இரும்புக் கடை, போத்தல் வாங்குகிறவர்கள், இவர்களிடம் சொல்லி வையுங்கள். "நேவிக்காரன் விட்டுப் போனது" என்று கதை வரும், அந்தக் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

உள்ளூர்ப் பொருள் என்றால் லயன் பியர்தான். லேபிளில் நுவரெலியா என்று இருந்தால் பெரும்பாலும் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பியகமவுக்கு லயனின் பியர் தொழிற்சாலை போவதற்கு முந்தியது, அதாவது 90களின் கடைசிக்கு முன். 'சிலோன்' என்ற சொல்லைப் பார்த்து 1972க்கு முந்தியது என்று துள்ளாதீர்கள், நாட்டின் பெயர் மாறிய பிறகும் கம்பெனியின் பெயரில் சிலோன் இருந்தது. முகவரியில் நாட்டின் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மூடி என்றால் உள்பக்கம் திருப்புங்கள்: தக்கை வட்டம் இருந்தால் பழசு, பிளாஸ்டிக் என்றால் பிந்தியது.

சரி, பலகைதான் வேண்டும் என்றால், அசல் எனாமல் என்பது இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கி, நிறம் நிறமாக ஏற்றுவது. அதனால் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு சின்னப் படி தட்டுப்படும், பலகையும் நல்ல கனமாக இருக்கும். எனாமல் என்று சொல்லித் தருவதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சில போலிகளில் கறளைக்கூட அச்சடித்திருப்பார்கள்! கின்னஸ் பியர் விளம்பரத்தில் வரும் டூக்கன் பறவை, 1935இல் ஜான் கில்ராய் வரைந்தது, அந்தப் படம் போட்ட பலகையை இப்போது ஹோட்டல் சுவருக்கென்றே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அலங்காரத்துக்கு நல்லதுதான், பழசின் விலை கொடுக்காதீர்கள்.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் நம்ம ஊரில் பெரும்பாடு. கடல் உப்புக் காற்று எனாமல் உடைந்த ஓரத்தில் பிடித்தால் கறள் உள்ளுக்குள்ளேயே பரவி மேலே உள்ளதையும் பெயர்த்துவிடும். கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டாம், மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர வைத்து, மெழுகு பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் தூசிதான் ஒட்டும். கடதாசிச் சாமானை லேமினேட் செய்யவே கூடாது. வெயில் படாமல் வையுங்கள், மாரி மாதங்களில் அடிக்கடி திறந்து பாருங்கள், பூஞ்சணம் சொல்லிக்கொண்டு வராது.

இன்னொன்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்கிறது. வீட்டுக்குள் அலுமாரியில் வைத்திருப்பது வேறு, கடை வாசலில் மாட்டுவது வேறு. சாப்பாட்டுக் கடை, விடுதி ஏதாவது நடத்துகிறீர்கள் என்றால் மாட்டுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.