வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ரத்த அழுத்தமும் கூடவே வரும் நோய்களும்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ரத்த அழுத்தத்தோடு வேறு நோய்களும் சேர்ந்தவர்களைப் பற்றியவை. அவற்றில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. ரத்த அழுத்தமும் உண்டு. அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மி.கி., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை என்று சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலிக்காக எலும்பு மருத்துவர் ஆறு மாதங்களுக்கு முன் பத்து நாளைக்கு எழுதித் தந்த அசெக்ளோஃபெனாக் மாத்திரையை, அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார். சென்ற மாதம் ரத்த அழுத்தம் 160/90, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் 1.4. மூன்றாவதாக ஒரு அழுத்த மாத்திரை சேர்க்கலாம் என்கிறார் மருத்துவர். டெல்மிசார்டானால்தான் சிறுநீரகம் கெட்டது, அதை நிறுத்து என்கிறார் உறவினர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அழுத்தத்துக்கு மாத்திரை தரும் மருத்துவருக்கு, உங்கள் தாயார் தினமும் வலி மாத்திரை போடுவது தெரியுமா? எலும்பு மருத்துவருக்கு, அவருடைய கிரியாட்டினின் அளவு தெரியுமா? இரண்டுக்கும் இல்லை என்பதே விடையாக இருக்கும் என்று அஞ்சுகிறேன். பத்து நாளைக்கு எழுதிய மருந்து ஆறு மாதம் ஓடியிருக்கிறது.

அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. அதனால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்றம் சராசரியாக 5 புள்ளி அளவில்தான் என்றாலும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது கூடுதலாக இருக்கலாம். அழுத்த மாத்திரைகளின் வேலையையும் அவை கெடுக்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது சிறுநீரகத்தில் நடப்பது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் விரிந்தும், வெளியேறும் குழாய் சற்றுச் சுருங்கியும் இருந்தால்தான் உள்ளே வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் நிற்கும். வலி மாத்திரை நுழையும் குழாயை விரியவிடாமல் தடுக்கிறது. டெல்மிசார்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயாசைடு உடம்பில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் நியாயம் உண்டு. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் தினமும் போகும்போது சிறுநீரகம் திணறுகிறது; அதிலும் பேதியோ வாந்தியோ வந்து உடம்பு வற்றிப்போன நாளில் அது திடீரென்று முடங்கவும் கூடும்.

ஆகவே உறவினர் குற்றவாளியை மாற்றிப் பிடித்திருக்கிறார். சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியுமானால், சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படும் மருந்து டெல்மிசார்டான். அந்த வகை மருந்தைத் தொடங்கியதும் கிரியாட்டினின் சிறிது ஏறுவது இயல்பு. முன்பிருந்த அளவிலிருந்து 30 விழுக்காட்டுக்குள் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், அதற்காக மருந்தை நிறுத்துவதில்லை. நிறுத்தவேண்டியது வலி மாத்திரையை. அதை நிறுத்தி, இரண்டு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து எழுதிவைத்து, கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்த்த பிறகு மூன்றாவது மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். தேவைப்படவும் கூடும், ஏனென்றால் சர்க்கரை நோயும் சிறுநீரகத் தளர்ச்சியும் உள்ளவருக்கு மேல் அளவை 130க்குள் கொண்டுவருவதே நோக்கம். 160லிருந்து அங்கே இறங்க வலி மாத்திரையை நிறுத்துவது மட்டும் போதாமல் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 68 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 1.4 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 41 மி.லி. என்று கணக்கு வருகிறது. அது 45க்குக் கீழே நிலைத்துவிட்டால் மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உங்கள் தாயார் 2000 எடுக்கிறார். சோதனைத் தாளில் 1.4 என்ற எண் சிறியதாகத் தெரிவதால் பலரும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதைச் சர்க்கரைக்கு மருந்து தருபவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

முழங்கால் வலிக்கு வழியில்லாமல் போகவில்லை. பாரசிட்டமால், வலிக்கும் இடத்தில் தடவும் களிம்பு, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி ஆகிய மூன்றும் அவருக்கு ஏற்றவை. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாரசிட்டமால் மட்டும் வேண்டாம். அதில் சோடியம் மிகுதி.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று அவர் மேசைமேல் கொட்டுங்கள். சீட்டில் இருப்பதைப் படித்துச் சொல்வது போதாது, சீட்டில் இல்லாததுதான் பெரும்பாலும் தொல்லை தருகிறது.

கேள்வி: எனக்கு வயது 74. அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தேன், சென்ற மாதம் டெல்மிசார்டானும் சேர்த்தார்கள். பிராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின் எடுக்கிறேன். இப்போது அழுத்தம் 128/70. ஆனால் இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தலை சுற்றி, இரண்டு முறை விழப்பார்த்தேன். எண் நன்றாக இருக்கிறதே என்று மகன் சொல்கிறான்.
- வாசகர், சைதாப்பேட்டை

பதில்: அந்த 128 நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு. ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு அளந்து, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், நிற்கும்போது உங்கள் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். டாம்சுலோசினும் ஓரளவு அழுத்தத்தை இறக்கக்கூடியது. புதிய மாத்திரையோடு சேர்ந்து அது வேலையைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் நல்லது என்ற எண்ணம் பரவியதற்கு 2015இல் அமெரிக்காவில் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வும் ஒரு காரணம். 9361 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் உள்ளிட்ட பாதிப்புகளும் இறப்பும் குறைந்தன. 75 வயதைக் கடந்தவர்களுக்கும் பயன் கிடைத்தது. ஆனால் நின்ற நிலையில் மேல் அளவு 110க்குக் கீழே இறங்குபவர்களையும், சர்க்கரை நோயாளிகளையும், பக்கவாதம் வந்தவர்களையும் தொடக்கத்திலேயே அதில் சேர்க்கவில்லை. வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எழுந்தால் தலை சுற்றாத 140, விழவைக்கும் 128ஐவிட உங்களுக்கு நல்லது.

நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம்; எந்த மருந்தைக் குறைப்பது, எதை நேரம் மாற்றுவது என்பதை மருத்துவர் சொல்வார். அதுவரை, இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்துவிட்டு எழுந்திருங்கள். கத்திரி வெயில் மாதத்தில் வியர்த்துக் கொட்டும்போது அழுத்தம் இன்னும் இறங்கும். அப்போது அளவை அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் எனக்குப் புதிதாக ரத்த அழுத்தம் வந்திருக்கிறது. படபடப்பும் இருப்பதால், தோழி தான் சாப்பிடும் புரோப்ரனலாலைத் தருகிறேன் என்கிறாள்.
- வாசகி, கொளத்தூர்

பதில்: வாங்காதீர்கள். புரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கி, உயிருக்கே ஆபத்தான ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. எனாலப்ரில், ராமிப்ரில் வகை அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அது ஆஸ்துமா இருமலா மருந்து இருமலா என்று குழப்பும். உங்களுக்கு ஆம்லோடிபினோ டெல்மிசார்டானோ பொருந்தும். படபடப்புக்கு உங்கள் நிவாரண இன்ஹேலரே காரணமாக இருக்கலாம்; அதை நாளுக்கு எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால் அழுத்தம் குறையுமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: குறையாது. இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பை விட்டு அதற்கு மாறினால் அயோடினும் கிடைக்காமல் போகலாம். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது வேறு. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் அத்தகைய உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களும், டெல்மிசார்டான், எனாலப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. இனி மருத்துவரிடம் போகவேண்டுமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: போகவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால், கூலி வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாமல் மருந்தையே கைவிட்டுக்கொண்டிருந்த பலர் இன்று தொடர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். தலைசுற்றலோ கால்வீக்கமோ இருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், விழித்திரை, பாதம் ஆகியவற்றைப் பார்த்தாகவேண்டும். அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, பழைய சோதனைத் தாள்களோடு போங்கள். கிரியாட்டினின் இந்த ஆண்டு எவ்வளவு என்பதைவிட, சென்ற ஆண்டிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே மருத்துவருக்கு அதிகம் உதவும்.